யாரும் எடுக்காத ஏழு புத்தகங்கள்

பதினாறு வருடமாக அவள் அந்த நூலகத்தின் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் அவள் கவுன்டர் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். வாசகர் அட்டை எண்களில் முந்நூறு நானூறு அவளுக்கு மனப்பாடம். ஆளைப் பார்த்தால் பெயர் வராது, எண் வரும். இத்தனை புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறீர்களே, நிறையப் படிப்பீர்களோ என்று கேட்டால் சிரிப்பாள். இனிப்புக் கடையில் வேலை பார்க்கிறவர்கள் இனிப்புத் தின்பதில்லை, அது மாதிரிதான் என்பாள்.

ஆனால் ஏழு புத்தகங்களை மட்டும் படித்தாள். அதுவும் திருட்டுத்தனமாக.

அவளுக்கு ஒரே மகள். பதினொரு வயது. வீட்டில் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஒரு காலில்தான் காலுறை இருக்கும். இன்னொன்றைத் தேடப் போனவள், தேடப் போனதையே மறந்து பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்துதான் அந்தப் பிள்ளையைப் படாத பாடு படுத்தியது. அவளோடு சேர்ந்தவர்களெல்லாம் கதைப் புத்தகங்களை விழுங்கிக்கொண்டிருந்த வயதில், இவள் ஒரு வரியின் நடுவில் நின்றுகொண்டு, வழி தவறியவளைப் போல அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். நேற்று படித்த சொல் இன்று புதுசாக இருக்கும். நாளைக்கும் புதுசாகத்தான் இருக்கும்.

பம்பரத்தின் அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறவன். நல்ல மனுஷன். “நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன். இப்ப நல்லா இல்லையா?” என்று கேட்டுவிட்டு, வேன் சாவியைக் காணோம் என்று அரைமணி நேரம் வீட்டையே புரட்டிப் போடுவான். சாவி அவன் சட்டைப் பையிலேயே இருக்கும். அவளுக்குச் சிரிப்பு வரும். அப்புறம் பொத்துக்கொண்டு அழுகை வரும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். “உங்க பொண்ணு எங்களுக்குச் சரிப்பட்டு வரமாட்டா. இந்த வருஷத்தோட வேற இடம் பாத்துக்குங்க.” அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ ஒரு நர்ஸ் போகிற போக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மகளைப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று நாள் சோதனை. கற்றல் குறைபாடு, கூடவே கவனக்குறைவு, துறுதுறுப்பு அளவுக்கு மேல் என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் காட்டினால் பிள்ளையைப் பள்ளியைவிட்டு அனுப்ப முடியாது, பரீட்சைக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சொன்னது போலவே நடந்தது. தலைமையாசிரியை அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனால் பிள்ளையை வைத்துக்கொண்டாள்.

அந்தத் தாள் இப்போது பீரோவில், துணி அடுக்குக்கு அடியில். புருஷன் பெண்டாட்டி, பள்ளிக்கூடம், டாக்டர் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. காரணம், ரேடியோ.

ரேடியோ என்பது கவுன்டரில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரிக்கு எல்லோரும் வைத்த பெயர். கணினியில் பதிவு போடுகிற வேலை. மனசில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வாயில்தான் ஒன்றும் தங்காது. எட்டு மணிக்குக் கேட்டது ஒன்பது மணிக்கு மூன்று தெருவுக்கும் தெரிந்துவிடும். ரேடியோவின் பேத்தி பம்பரத்தோடு ஒரே வகுப்பு, ஒரே வரிசை. கவுன்டரில் ஒரு வார்த்தை விழுந்தால், அடுத்த நாள் மணியடிப்பதற்குள் அது அந்த வரிசைக்குப் போய்ச் சேரும். அப்புறம் பம்பரம் என்ற பெயர் போய், வேறு பெயர் வந்துவிடும். நூலக வாசலில் வேலை பார்த்த காவலாளியின் மகனுக்கு அப்படி ஒரு பெயர் வந்து, அந்தப் பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் திருட்டுப் படிப்பு. மேல்மாடியில் கடைசி அலமாரி, அடித்தட்டு. இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கென்று டாக்டர்களும் ஆசிரியர்களும் எழுதிய ஏழு புத்தகங்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எந்தப் புண்ணியவான் வாங்கிப் போட்டானோ. வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமானால் ரேடியோ பதிவு போட வேண்டும். திரையில் பெயரும் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். தன் பெயரை அந்தப் புத்தகங்களின் பக்கத்தில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. தூசி தட்டும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே, நாளுக்கு நாலு பக்கம் படிப்பாள். ‘இது உங்கள் தவறல்ல’ என்று ஒரு புத்தகம் முதல் வரியிலேயே சொன்னது. அதுவரை அவளுக்கு அதை யாரும் சொன்னதில்லை. அழுது, அந்தத் துணியாலேயே கண்ணைத் துடைத்து, தூசி ஏறி, ஒன்பது தும்மல் தும்மினாள்.

புத்தகங்கள் நல்லவைதான். ஆனால் அவற்றை எழுதியவர்கள் எல்லோரும் பெரிய வீட்டில் இருந்திருக்க வேண்டும். ‘குழந்தைக்கு அமைதியான தனி அறை ஒன்றை ஒதுக்குங்கள்’ என்று ஓர் இடத்தில் போட்டிருந்தது. அதற்கு நேராக ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: “அறைக்கு எங்க போறது?”

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வாசகர்கள் கிறுக்கியதை ரப்பர் வைத்து அழிப்பதும் அவள் வேலைதான். மாதக் கடைசியில் உட்கார்ந்து நூறு இருநூறு பக்கம் அழிப்பாள். இதை அழிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கீழே, “எங்க வீட்டுல சமையல்கட்டு மூலை” என்று எழுதினாள். வலது கையால் எழுதினால் ரேடியோவுக்குக் கையெழுத்து தெரிந்துவிடும். அதனால் இடது கையால் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. ஒரு வரி எழுதுவதற்குள் கழுத்து வலித்தது. மகளின் நோட்டில் இருப்பதும் இதே கோணல்தான். தினமும் இப்படித்தான் வலிக்குமா அதற்கு என்று நினைத்துக்கொண்டே பென்சிலைக் கீழே வைத்தாள்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்திருந்தது. “எங்க வீட்டுல குளியலறை வாசல்.”

இப்படித் தொடங்கியது. வருடம் ஒன்றரை ஓடியது. ‘ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்’ என்றது புத்தகம். “ஒண்ணைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆள் மொட்டைமாடியில” என்றது பொடி எழுத்து. ‘சிறு வெற்றியையும் பாராட்டுங்கள்’ என்றது புத்தகம். “பாராட்டலாம்னுதான் பத்து நாளாக் காத்துக்கிட்டு இருக்கேன்” என்று இவள் எழுதினாள். எழுதுகிறவள் தன்னைப் போல ஒரு அம்மா என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள். மெலிந்தவள், பின்னலை முடிந்துகொள்ளக்கூட நேரமில்லாதவள். படிக்க வருகிற பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். தெரிந்துவிட்டால் தானும் தெரிந்துவிடுவோமே என்று உடனே பார்வையைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு தடவை பொடி எழுத்து எழுதியது: “உக்கார வைக்காதீங்க. நடந்துக்கிட்டே சொல்ல வைங்க.” அன்று சாயங்காலமே பம்பரத்தை நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டு ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்டாள். பிள்ளை முழுசாகச் சொன்னது. பத்தேழு எழுபதில் வந்து நின்று, தானே ஆச்சரியப்பட்டுப் போய், “அம்மா, நான்தானா?” என்று கேட்டது. ஏழு புத்தகமும் தராததை அந்த ஒரு வரி தந்தது.

இந்த வருடம், கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை அவள் புத்தகத்தைப் புரட்டினாள். பொடி எழுத்து ஓரம் முழுக்க இருந்தது. “பையனை இந்த வருஷத்தோட கூட்டிட்டுப் போயிடுங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க. வீட்டுல இன்னும் சொல்லல. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?”

என்ன செய்வது என்று இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரிந்ததோ இல்லையோ, அவளுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி, குழந்தைகள் பிரிவு, மூன்று நாள் சோதனை, ஒரு தாள். இரண்டே வரி. ஆனால் இடது கையால் இரண்டு வரி எழுத நேரம் பிடிக்கும். அன்றைக்குப் பார்த்துக் கீழே கூட்டம். நாளைக்கு ஆற அமர எழுதிக்கொள்ளலாம் என்று புத்தகத்தைத் தட்டில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை பம்பரத்துக்குக் காய்ச்சல், லீவு. புதன்கிழமை வந்தபோது தட்டு காலியாகக் கிடந்தது.

ஏழும் நூலகர் அறையில் இருந்தன. ஐந்து வருடமாக ஒருவரும் எடுத்துப் போகாத புத்தகங்களைக் கழித்துவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கணினியில் பட்டியல் எடுத்தால், அந்த ஏழுக்கும் நேராகப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அவளும் எடுத்ததில்லை, பொடி எழுத்தும் எடுத்ததில்லை. இன்னும் எத்தனை பேர் நின்றபடியே படித்துவிட்டு வைத்துப் போனார்களோ! பக்கங்களின் மூலை மடிந்து மடிந்து துணி மாதிரி ஆகியிருந்தது. ஆனால் மூலை மடிந்ததைக் கணினி பார்ப்பதில்லை.

எவனாவது ஒருத்தன் ஒரு புத்தகத்தை எடுத்ததாகப் பதிவு இருந்தால்கூட அந்த வரிசை முழுவதும் தப்பும். அது விதி. ரேடியோ டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் கணினி முன் உட்கார்ந்தாள். தன் எண்ணைப் போடத்தான் உட்கார்ந்தாள், அதை நம்பலாம். விரல் என்னவோ மனப்பாடமான வேறொரு எண்ணைத் தட்டியது. தினமும் வந்து செய்தித்தாள் படிக்கும் ஒரு பெரியவருடைய எண். சாது. யார் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுகிறவர். சில மாதங்களாகவே அவரைக் காணவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நூலகர் பட்டியலை வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “இதென்னம்மா, புதன்கிழமை இவர் புத்தகம் எடுத்ததா இருக்கு? இவர் போய்ச் சேர்ந்து நாலு மாசம் ஆச்சே. நான்தானே துக்கத்துக்குப் போயிட்டு வந்தேன்!”

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். “செத்தும் படிக்கறார் பாருங்க சார்! அதுவும் பிள்ளை வளக்கற புத்தகம். தொண்ணூறு வயசுல!”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கணினிக் கோளாறு என்று சொல்லி நூலகர் அந்தப் பதிவை அடித்தார். அவர் நல்லவர். அடித்த கையோடு தலையை நிமிர்த்திக் கேட்டார்: “யாராவது நெஜமாவே படிக்கறாங்களா இதையெல்லாம்? உங்களுக்குத் தெரிஞ்சு ஒருத்தர் இருந்தாக்கூடச் சொல்லுங்க. வச்சுக்கலாம்.”

“நம்ம பக்கம் யாருக்கு சார் இந்தச் சீக்கெல்லாம்?” என்றாள் ரேடியோ. “ரெண்டு போட்டா தன்னால படிச்சிட்டுப் போவுது.”

நூலகர் அவளைப் பார்த்தார். ஒரு வாய் வார்த்தை போதும். அவளுக்குத் தொண்டைவரை வந்தது. அந்த வகுப்பறை, அந்த வரிசை, பேத்தி திரும்பிப் பார்த்துச் சிரிப்பது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. “தெரியல சார்” என்றாள்.

கழிவு முத்திரையை அவளேதான் குத்தினாள். ஏழு தடவை. ஒன்றைத் தூக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்றும் பார்த்தாள். போட்டுக்கொண்டு என்ன செய்வது? அந்தப் புத்தகம் அந்தத் தட்டில் இருந்தால்தானே பொடி எழுத்துக்காரி வந்து பார்ப்பாள். மூட்டை கட்டி லாரியில் ஏற்றியாயிற்று. அடுத்த நாள் இரண்டு வரியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, காலித் தட்டில் வைத்தாள். கூட்டுகிற அம்மா கடமை தவறாதவள். மதியத்துக்குள் தட்டைத் துடைத்துத் தாளைக் குப்பையில் போட்டுவிட்டாள். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் போயிற்று. திங்கட்கிழமை அந்த இடத்தில் போட்டித் தேர்வுப் புத்தகங்கள் வந்து நின்றுகொண்டன.

செவ்வாய்க்கிழமை மதியம் ஓர் ஆள் மாடியிலிருந்து இறங்கிக் கவுன்டருக்கு வந்தார். நாற்பது வயது, நரைத்த மீசை, லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியின் நீலச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். மாடியில் கடைசி அலமாரியில் சில புத்தகங்கள் இருந்தனவே, இடம் மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார். “அதுல ஒண்ணுல ஒரே ஒரு பக்கம் பாத்தாப் போதும். பாத்துட்டு இங்கயே குடுத்துடறேன்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெலிந்த அம்மா, முடியாத பின்னல், எல்லாம் ஒரு நொடியில் போய் எதிரே இந்த மீசை நின்றது.

“கழிச்சாச்சு சார்” என்றாள் ரேடியோ. “அஞ்சு வருஷமா நாதியில்லாமக் கெடந்த புத்தகம். இந்நேரம் கூழாயிருக்கும்.”

அவர் ரேடியோவை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “யாருமே படிக்கலையா மேடம்?”

“பதிவுல யாரும் இல்லைங்க.”

“இல்லையே. யாரோ படிச்சிட்டு இருந்தாங்க. எனக்குத் தெரியும்.”

ரேடியோவின் காது நிமிர்ந்தது. “உங்களுக்கா சார் அந்தப் புத்தகம்? வீட்டுல பிள்ளைக்கு ஏதாச்சும்...?”

“சேச்சே, எனக்கில்ல” என்றார் அவர் அவசரமாக. “மாடி வீட்டுக்காரங்க கேட்டாங்க. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லணுமாம்.” அவர் காது மடல் சிவந்துவிட்டது. அவளுக்கு அந்தச் சிவப்பு நன்றாகத் தெரியும். அதே பொய்யை அவளும் எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறாள்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். இரண்டு வரியும் அவள் நாக்கில் இருந்தன. பொதுவாகச் சொல்வது போலச் சொல்லியிருக்கலாம், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன் என்று ஆரம்பித்திருக்கலாம். பிழைத்துக்கொள்ள ஆயிரம் வழி இருந்தது, எல்லாம் அப்புறம்தான் தோன்றியது. அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து நாற்காலியில் இரண்டு காதுகள் காத்துக்கொண்டிருக்கின்றன என்பது மட்டும்தான். “சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். சட்டையின் முதுகில் கம்பெனியின் தொலைபேசி எண் பெரிதாக அச்சிட்டிருந்தது. அவள் எழுந்து ஓடினாள். பாத்ரூம் என்று ரேடியோவிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடினாள், பாவி. வாசலுக்குப் போனபோது அந்த நீலச் சட்டை வண்டியில் ஏறித் தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது.

எண் மட்டும் மனசில் நின்றுவிட்டது. புதன்கிழமை முழுவதும் கவுன்டரை விட்டு நகராமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை காலை, புத்தக அறையின் மூலையில் நின்று அந்த எண்ணுக்கு அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

“சொல்லுங்க மேடம், எந்தக் கட்டடம்? லிஃப்ட் எந்த மாடில நிக்குது?”

“லிஃப்ட் இல்லைங்க. உங்க கம்பெனில ஒருத்தர்... மீசை வச்சிருப்பார். நாப்பது வயசு இருக்கும். அவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“பேரு?”

“பேரு தெரியாதுங்க. அவருக்கு ஒரு பையன் இருக்கான். படிக்கறான்.”

அந்தப் பக்கம் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “இங்க அறுபது பேர் இருக்காங்க மேடம். பாதிப் பேருக்கு மீசை, எல்லாருக்கும் பிள்ளைங்க. சரி, விஷயத்தைச் சொல்லுங்க, போர்டுல எழுதிப் போடறேன். உங்க பேரு சொல்லுங்க, எங்கேருந்து பேசறீங்க?”

அவள் வாயைத் திறந்தாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ரேடியோ வருகிற சத்தம் கேட்டது.

“ஹலோ? யாரு பேசறது மேடம்?”

அவள் போனை வைத்துவிட்டாள்.